மிருகத்தின் இஷ்டம்

இன்று பொன்னேரி நீதிமன்றத்தில், உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு, பேனா மூடியைத் தேடிக் கோட்டின் உட்பையில் கைவிட்டபோது உன் பித்தளைப் பகடை விரலில் தட்டியது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு நடந்த குறுக்கு விசாரணை முழுவதும் என் விரல்களில் அந்த வாசனை இருந்தது. கடைசல் எந்திரத்தில் ஊற்றுகிற எண்ணெயும் உலோகமும் கலந்த வாசனை. ஏழு ஆண்டுகள் நான்கு பேர் கைபட்டு உருண்ட ஒரு பொருளில் அது இன்னும் எப்படி மிஞ்சியிருக்கிறது என்று தெரியவில்லை. நீ எண்களை அடித்த பள்ளங்களில் தங்கியிருக்கலாம். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்வதில்லை என்பது என் வழக்கம். அதற்காக நீ என்னைச் செய்த கேலியும் நினைவிருக்கிறது.

உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மறுபடியும் ஆடினோம். கடப்பா என்ன ஆயிற்று என்பது முடிவாகிவிட்டது. அதை அறியும் உரிமை எங்கள் மூவரையும்விட உனக்கு அதிகம்.

நாம் முதலில் பேசிக்கொண்டது கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில். தொழிற்சாலைகளின் வழக்குக் கட்டுகளோடு நான் பொன்னேரியில் ஏறுவேன். நீ அதற்கு முன்பே ஏறி ஜன்னலோரம் அமர்ந்திருப்பாய். அன்று உன் மடியில் ஒரு நீள நோட்டு விரிந்திருந்தது. அதில் பென்சிலால் அறைகளும் வளைவான பாதைகளும் வரைந்து, ஓர் இடத்தை மட்டும் கருப்பாக நிரப்பியிருந்தாய். கம்பெனியின் வரைபடமா என்று கேட்டேன்.

"இன்னா சார் வரைபடம்? இது பூதம் தூங்குற எடம்" என்றாய், தலையைத் தூக்காமல். பிறகு தூக்கினாய். "எழுப்பணுமா, வேணாமான்னு யோசிச்சிக்கினு கீறேன்."

நீ ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கடைசல் எந்திரம் ஓட்டுபவன் என்பதை மறுநாள் தெரிந்துகொண்டேன். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, அந்த உலகத்தில் தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்பு சொல்லும். ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. "அப்படியானால் ஆட்டம் எப்போது முடியும்?" என்று கேட்டேன். நீ ஜன்னல் வழியே கவரைப்பேட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "உன் கேஸெல்லாம் எப்ப முடியுது வக்கீலு?" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு வக்கீலு.

ஞாயிறு மதியங்களில் ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் கூடினோம். ஸ்டெல்லா ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவர், உன் தெருக்காரர். மூன்றாவது ஆள் பாபு, ஆந்திர எல்லையிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேனின் ஓட்டுநர். பகடை மேசையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்ததால், ஸ்டெல்லா தன் கேரம் போர்டை எடுத்து நடுவில் வைத்தார். நான்கு பக்கமும் சட்டம், வழவழப்பான பலகை, மேலே ஒரு சிட்டிகை போரிக் பவுடர். பிளாஸ்டிக் பகடை அதில் நிற்காமல் வழுக்கியது. அடுத்த மாதம் நீ மிச்சத் துண்டுப் பித்தளையில் நெல்லிக்காய் அளவுக்கு இருபது முகப் பகடை ஒன்றைக் கடைந்துகொண்டு வந்தாய். நான்காவது முயற்சியில் வந்தது என்றாய். ஆறுக்கும் ஒன்பதுக்கும் குழப்பம் வராமல் அடியில் புள்ளி வைத்திருந்தாய். நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு முழு மாலை உருட்டி, எண்களைக் குறித்து, எந்த முகத்துக்கும் பாரபட்சம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பாபு அந்தத் தாளை வேன் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டான்.

மற்ற இடங்களில் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் மிருகத்தைக் கண்டால் வாளை உருவுவார்கள் என்று நீயே சொன்னாய். உன் ஆட்டத்தில் அது செல்லாது.

"கொன்னா இன்னா கெடைக்கும்? தோலு கெடைக்கும். வளத்துப் பாரு, இன்னா கெடைக்கும்னு அதுவே வந்து சொல்லும்."

யாளி ஒன்று வளர்க்கலாமா என்று கேட்டேன். "தூண்ல இருக்கறது தூண்லயே இருக்கட்டும் வக்கீலு. நமக்குன்னு ஒண்ணு வேணாவா?" என்றாய். இரும்பு உருக்கும் ஊர் ஒன்றைச் சொன்னாய்; அதன் ஓரத்தில் கசடு கொட்டிக் கொட்டி எழுந்த கறுப்பு மேடு; அந்த மேட்டில் இன்னும் சூடு ஆறாத ஓர் உருண்டை. நாங்கள் அதைக் கல் என்று நினைத்து அதன்மேல் சோற்றுப் பானையை வைத்தோம். பானை நகர்ந்தது. முட்டை விரிந்து வெளியே வந்தது ஆறு கால்களும் கண்ணே இல்லாத முகமும் கொண்ட ஒன்று. முதுகில் பலகை பலகையாகக் கருஞ்செதில். பாபு பார்த்த மாத்திரத்தில், "அடே நைனா, எங்க ஊட்டு வாசல்ல போட்ட கடப்பாக்கல்லு மாரியே கீதுடா" என்றான். பெயர் வைத்தாகிவிட்டது.

வளர்ப்பதற்கு உன் முறை கடினமானது. ஒவ்வொரு ஞாயிறும் கதை தொடங்குமுன் மூன்று கேள்விகள் கேட்பாய். இன்றைக்கு அது என்ன தின்றது? யார் குளிப்பாட்டினார்கள்? எதைப் பார்த்து பயந்தது? பதில் சொல்ல மறந்தால் காலண்டர் தாளின் பின்புறத்தில் 'பழக்கம்' என்று எழுதியிருந்த எண்ணிலிருந்து ஒன்றை அடித்துவிடுவாய். கடப்பாவிடம் எதையாவது கேட்டால் பகடை அந்த எண்ணுக்குள் விழ வேண்டும். தாண்டினால் அது காது கொடுக்காது. கட்டளை என்ற சொல்லை நீ அனுமதிக்கவில்லை. "கேளு. செஞ்சா செய்யும்" என்பாய். ஸ்டெல்லாவின் பாத்திரம் ஒரு வைத்தியச்சி. செதிலுக்கு அடியில் தோல் வெடிக்கும் என்பதை அவர் உன்னிடம் கேட்காமலே சொன்னார், தினமும் அமிலத்தோடு வேலை செய்கிறவர் அல்லவா. வேப்பெண்ணெய் தடவுவதாகச் சொன்னார். நீ ஒரே வாரத்தில் மூன்று எண்கள் ஏற்றினாய். பாபுவின் படகோட்டி தன் துடுப்பின் இரும்பு வளையங்களை அதற்குத் தின்னக் கொடுத்துப் பழக்கினான். பிறகு வளையமில்லாத துடுப்போடு ஓராண்டு அவதிப்பட்டான்.

என் பாத்திரம் ஒரு தூதன். நான் தீனி போடவில்லை, எண்ணெய் தடவவில்லை. நான் செய்ததைப் பற்றித்தான் இந்த மடலில் நான் உண்மை பேச வேண்டும்.

கடப்பா ஒரு மாட்டுவண்டி அளவுக்கு வளர்ந்த சமயம், ஒரு நங்கூரச் சங்கிலியைக் கடித்து இரண்டாக்கியது. எனக்குக் கவலையாயிற்று. இவ்வளவு பலமுள்ள ஒன்றை வெறும் பழக்கத்தை நம்பி ஊருக்குள் அழைத்துச் செல்வது முறையல்ல என்றேன். அடுத்த ஞாயிறு பதினொரு பிரிவுகள் கொண்ட ஓர் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். எங்களில் எவரையும் கடிக்கக் கூடாது. எங்கள் அனுமதியின்றி நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. பிறர் உடைமையான இரும்பைத் தின்னக் கூடாது. நான் உரக்கப் படித்தேன்.

"அய்யய்யோ, மாட்டுக்கு நோட்டீஸு உடுறாரு பாரு" என்றான் பாபு.

"எருமைக்கு வாய்தா குடுப்பாரா சார்?" என்றார் ஸ்டெல்லா.

நீ சிரிக்கவில்லை. தாளை வாங்கி இரண்டு முறை முழுவதும் படித்தாய். பிறகு என் மைப்பெட்டியைத் திறந்து, சோடா மூடி ஒன்றை அதில் ஒற்றி, பதினோராம் பிரிவுக்குக் கீழே அழுத்தினாய். "கடப்பா காலு வெச்சிருச்சி. இனிமே பகடை வேணாம், பேப்பரு பாத்துக்கும்" என்றாய். அதன் பிறகு சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு பிரிவுகூட மீறப்படவில்லை. நான் பெருமைப்பட்டேன், அதை மறைக்கவும் இல்லை.

பின்பு ஆற்று வெள்ளம் வந்தது. பாபுவின் படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. படகோட்டியும் தூதனும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். வைத்தியச்சிக்கு நீந்தத் தெரியாது. அதை ஸ்டெல்லா முதல் நாளே எழுதிவைத்திருந்தார். கடப்பா கரையில் நின்றது. ஆறு கால், இரும்பு முதுகு, எந்த வெள்ளமும் அசைக்க முடியாத எடை. நான் அதைக் கூப்பிட்டேன். பகடைக்காக நீ கை நீட்டவில்லை. நோட்டிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து விரித்தாய்.

"இதுல காப்பாத்தணும்னு எங்க கீது?"

பதினொரு பிரிவுகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே கூடாது, கூடாது, கூடாது.

"நகர அனுமதி தருகிறேன்" என்றேன்.

"குடுத்துட்ட. போலாம். போவணும்னு இல்லியே."

"இவ்வளவு நாள் வளர்த்திருக்கிறோம்!"

"வளத்தது அவுங்க. நீ எழுதின." உன் குரல் உயரவே இல்லை. "பேப்பரு பாத்துக்கும்னு சொன்னப்ப நீ சரின்ன. அது பேப்பர்ல இருக்குறபடி அப்டியே நிக்குது."

ஒன்றரை ஆண்டு உயிரோடிருந்த வைத்தியச்சி அன்று மாலை நான்கு மணி அளவில் செத்துப்போனாள். ஸ்டெல்லா தன் பாத்திரத்தின் குறிப்பு அட்டையை நான்காக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டார். எழுந்து உள்ளே போய், எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். என் டம்ளரை வைக்கும்போது சொன்னார். "என்னியக் கொன்னது தண்ணி இல்ல சார். உங்க பேப்பரு."

இரண்டு நாள் ரயிலில் நான் வேறு பெட்டியில் ஏறினேன். மூன்றாம் நாள் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். உன் சட்டையில் அதே எண்ணெய் வாசனை.

"கோவமா வக்கீலு? நல்ல பேப்பருதான் எழுதின. ஒரு ஓட்டை கெடையாது. ஆனா எழுதுறப்ப நீ கடப்பாவப் பாக்கல, உன் பயத்தப் பாத்துக்கினு எழுதின."

எதிர்வாதம் இல்லாத இடத்தில் வாயை மூடுவதும் தொழில் தர்மம். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் ஒப்பந்தத்தைக் கிழித்தேன். இப்போது ஓர் ஒப்புதல் வாக்குமூலம்: கிழிப்பதற்கு முந்தின நாள் அதை ஒரு நகல் எடுத்துவைத்தேன். அசல் ஆவணத்தை நகலில்லாமல் அழிக்க என் கை துணியவில்லை. நீ கடைசிவரை அறியவில்லை என்றே நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது இப்போது சற்று அவசரம் என்றும் தோன்றுகிறது. உனக்குத் தெரியாதது குறைவு.

பழக்கத்தை நீ இரண்டுக்கு இறக்கிவிட்டாய். இருபது முகத்தில் இரண்டு. ஸ்டெல்லா ஒரு புதிய பாத்திரத்தோடு வந்தார், கொல்லச்சி. கடப்பாவுக்குப் பிடித்த இரும்பு கையில் இருந்ததால் அவர் சுலபமாக நெருங்கினார். நான் என்ன செய்வது என்று தெரியாமல், ஒவ்வொரு வாரமும் என் முறை வரும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "நான் அதன் பக்கத்தில் போய் உட்காருகிறேன்."

"எவ்ளோ நேரம்?" என்பாய்.

"பொழுது சாயும்வரை."

பகடையை உருட்டுவேன். பதினாலு. ஒன்பது. பதினேழு. நீ தலையை அசைப்பாய். "அது திரும்பிப் படுத்துக்கிச்சி." ஏறக்குறைய ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. பாபு பொறுமை இழந்தான். "பேஜாரு புடிச்ச வேலை நைனா இது. ஒரு கடப்பாரையாவது துன்னக் குடுங்க." நான் கொடுக்கவில்லை. இரும்பைக் கொடுத்தால் அது இரும்புக்காக வரும் என்பது என் கட்சி.

ஒரு ஞாயிறு பகடை பவுடரில் வழுக்கி, சட்டத்தில் மோதி, மூலைக் குழிக்குள் விழுந்தது. அதுவரை அப்படி விழுந்ததில்லை.

"ஃபவுலு! திரும்பப் போடு" என்று பாபு குழிக்குள் கைவிடப் போனான். நீ உன் உள்ளங்கையால் குழியை மூடினாய்.

"கைய எடு. குழியில உழுந்துட்டா நாம படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அது கடப்பாவோட இஷ்டம்."

பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாய். ஸ்டெல்லா வீட்டுச் சுவர்க்கடிகாரம் கேட்டது. "கடப்பா எய்ந்திருச்சி" என்றாய். "வந்து மோந்து பாத்துச்சி. உன் செருப்பு மேல தலைய வெச்சிப் படுத்துக்கிச்சி."

நாற்பது வயது கடந்த வழக்கறிஞன் நான். வாசலில் போய் நின்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஸ்டெல்லாவின் ஆலைச் சீருடையை வெகுநேரம் ஆராய்ந்தேன். உள்ளே பாபு, "அழுவுறாரு பாரு, அழுவுறாரு" என்று ரகசியமாகச் சொன்னது தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து அது நம் மேசையின் சட்டம் ஆயிற்று. வேறெந்த மேசையிலும் இருக்க வாய்ப்பில்லாத சட்டம். கனமான பித்தளை குழியில் விழுவது அரிது. விழுந்த தடவைகளை விரல்விட்டு எண்ணலாம். ஒவ்வொரு தடவையும் உன் அந்த மௌனம் வரும். நான் அதை நாடகம் என்று நினைத்தேன்.

இவ்வளவும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததற்கு வருகிறேன்.

நீ கதை ஓட்டிய கடைசி ஞாயிறு கடப்பா ஒரு குன்று அளவு இருந்தது. நாம் பழைய ஆற்றின் கரைக்குத் திரும்பியிருந்தோம். கடலுக்கு அப்பாலிருந்து அதன் இனத்தின் குரல் ஒன்று கேட்பதாகச் சொன்னாய். அதுவரை அதற்கு இனம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. என் தூதன் அதன் முகத்தருகே போய்க் கேட்டான்: "எங்களோடு வருகிறாயா, போகிறாயா?" பகடை என் கையில் இருந்தது. அந்த நேரம் பாபுவுக்குப் போன் வந்தது. ஒரு ஷிப்டுக்கு ஆள் ஏற்ற உடனே வேன் வேண்டும் என்றார்கள். "பகடைய நீயே வெச்சிக்க வக்கீலு. அடுத்த வாரம் உருட்டு" என்றாய்.

புதன்கிழமை ரயிலில் நீ மார்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "கேஸு. காலைல நாஷ்டா துன்னல" என்றாய். உடனே மருத்துவரிடம் போக வேண்டும், இதயப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். "ஷிப்ட்டு முடிச்சிக்கினு போறேன்" என்றாய். கும்மிடிப்பூண்டியில் இறங்கி நீ ஆலைப் பக்கம் நடந்தாய்; நான் என் கட்டுகளோடு எதிர்ப்பக்கம் நடந்தேன். ஷிப்டை முடித்துவிட்டுத்தான் போனாய். மருத்துவமனை வாசலைத் தாண்டியதோடு சரி, உயிரோடு திரும்பவில்லை. அறிவுரை சொன்னேன், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகவில்லை. இதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. எந்தச் சட்டத்திலும் அது குற்றம் இல்லை. பதினொரு பிரிவுகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை.

நான்கு மாதம் நாங்கள் கூடவில்லை. போன மாதம் உன் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பையில் உன் நீள நோட்டுகள் ஐந்து.

"இதுல இன்னா எழுதிகீறாருன்னு எனக்குப் புரியலண்ணா. எடைக்குப் போட மனசு வரல. நீங்க ஆடுறதுன்னா வெச்சிக்கங்க. இல்லாங்காட்டிச் சொல்லிடுங்க, அவரு படத்துக்குக் கீழ வெச்சிடுறேன்."

பையை ஸ்டெல்லா வீட்டுக்கு எடுத்துப்போனேன். பாபுவும் வந்தான். கேரம் போர்டு சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தேவாலயக் கூடத்துக்குக் கொடுத்துவிடப் போவதாக ஸ்டெல்லா சொன்னார். பிறகு பையைப் பார்த்தார்.

"தெறந்து பாத்துடலாமா சார்? கடப்பாவுக்கு அண்ணன் இன்னா நெனச்சி வெச்சிருந்தாருன்னு அதுல இருக்கும்ல?"

"ஆடுறவங்க நோட்டத் தொடக்கூடாதுன்னு அவருதான சொன்னாரு" என்றான் பாபு. "தெறந்தா அவரு இல்லன்னு ஆயிடும்."

"தெறக்காட்டி மட்டும் கீறாரா? கடப்பா அந்தக் கரையிலயே கெடக்கட்டுமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி நியாயமானது. ஆடாவிட்டால் கடப்பா பதில் சொல்லாமலே நிற்கும். அந்த மேசையும் அத்தோடு முடியும். திறந்து படித்தால் பதில் கிடைக்கும். ஆனால் அது கேட்டுப் பெற்ற பதிலாக இராது. இறந்தவர்களின் உயில்களைப் படித்துப் பொருள் சொல்வது என் பிழைப்பில் பாதி. அதன் அடிப்படை விதி ஒன்று உண்டு: ஒருவர் தமக்குச் சொந்தமானதைப் பற்றி மட்டுமே எழுதிவைக்க முடியும். கடப்பா உனக்குச் சொந்தமா? முட்டையை நீ வைத்தாய். எண்ணெய் தடவியது ஸ்டெல்லா. இரும்பு கொடுத்தது பாபு. பக்கத்தில் உட்கார்ந்தது நான். என் கருத்தைத் தெளிவாகவே சொன்னேன்: நோட்டு அவருடையது, கடப்பா அவருடையது அல்ல. நோட்டைத் திறக்க வேண்டாம். ஞாயிறு ஆடுவோம். கதையை நான் ஓட்டுகிறேன்.

"நீங்களா?" என்றான் பாபு. "நைனா, உங்களுக்கு லைசென்ஸ் கீதா?"

போன ஞாயிறு உன் இடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஏழு ஆண்டுகள் நீ கண்ணை இடுக்கிக்கொண்டிருந்ததை யோசனை என்று நினைத்திருந்தேன். யோசனையில் ஒரு பங்கு வெயில்.

மூன்று கேள்விகளையும் கேட்டேன். தின்றது உடைந்த நங்கூரம் என்றான் பாபு. குளிப்பாட்டியது நான் என்றார் ஸ்டெல்லா. எதைப் பார்த்து பயந்தது என்ற கேள்விக்கு இருவரும் பதில் சொல்லவில்லை. நான் எண்ணைக் குறைக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அதிகாரம் உண்டு என்று கருதினேன். கேள்வி கேட்ட தூதன் இப்போது கதையை ஓட்டுபவன் ஆகிவிட்டதால், பகடையை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன்.

அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு போர்டின்மேல் குனிந்து, யாரையோ எழுப்புவதுபோல மெதுவாகக் கேட்டார். "இன்னா கடப்பா? வரியா? போறியா?"

பகடை பவுடரில் ஒரு நீளக் கோடு போட்டுக்கொண்டு போய், எதிர்ச் சட்டத்தில் மோதி, பாபுவின் கைப்பக்கத்துக் குழிக்குள் விழுந்தது.

பாபு உள்ளங்கையால் குழியை மூடினான்.

இருவரும் என்னைப் பார்த்தபோதுதான் உன் மௌனம் என்ன என்று எனக்குப் புரிந்தது. குழியில் விழுந்த பகடைக்கு எண் இல்லை, விதி இல்லை, நோட்டில் எழுதிவைத்ததும் செல்லாது. அந்தச் சில நொடிகளில் நீ எங்களை ஏமாற்ற எதையும் தேடவில்லை. நாங்கள் வளர்த்தது அதுவரை என்னவாக ஆகியிருக்கிறது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். பை என் காலடியில் இருந்தது. குனிந்தால் எட்டும். நான் குனியவில்லை. எழுதிவைக்காத ஒரு வாக்கியத்தை, திருத்தம் பார்க்காமல், என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசினேன்.

"கடப்பா ஆற்றில் இறங்குகிறது. கடல் பக்கம் போகவில்லை, நம் பக்கமும் வரவில்லை. படகு கவிழ்ந்த அந்த வளைவு வரைக்கும் நடக்கிறது. அங்கே கரைக்குக் கரை உடம்பை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. தண்ணீர் அதன் முதுகில் மோதி இரண்டாகப் பிரிகிறது. செதில்களைப் பிடித்துக்கொண்டால் நீந்தத் தெரியாதவர்களும் ஆற்றைக் கடக்கலாம்."

ஸ்டெல்லா மணிபர்சைத் திறந்தார். நான்காக மடித்த அந்தப் பழைய அட்டையை எடுத்துப் பலகையில் வைத்தார். பிரிக்கவில்லை.

"இது உங்க பேப்பர்ல இல்லியே சார்" என்றார்.

"இல்லை" என்றேன்.

பாபு குழியிலிருந்து கையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதுங்க ஆளு ஒண்ணு அந்தாண்டயிருந்து கூவிக்கினே கீதே, அது இன்னா ஆச்சி?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப போய்ப் பாக்கணும்" என்றான். கேரம் போர்டு தேவாலயத்துக்குப் போகவில்லை.

நீ என்னிடம் விட்டுப்போனவற்றில் பகடையைத் தவிர இன்னொன்றும் உண்டு. இப்போதெல்லாம் ஒப்பந்தம் எழுத வருகிறவர்களிடம், கூடாதவற்றை எல்லாம் எழுதி முடித்தபின் பேனாவை மூடாமல் ஒன்று கேட்கிறேன்: உங்களில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மற்றவர் என்ன செய்வார்? திகைக்கிறார்கள். கூட்டாக நெல் அரவை ஆலை போட ஒப்பந்தம் எழுத ஆரணியிலிருந்து வந்த இருவர், "எங்க மில்லு மேட்டுல கீது சார், தண்ணி வராது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருந்தாலும் யோசித்துப் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன்.

ரயிலில் யாராவது மார்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நானும் அவரோடு இறங்குகிறேன். இதுவரை ஒருவர், அவருக்கு உண்மையிலேயே கேஸ்தான். என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பதினொரு பிரிவுகளின் நகலை உன் நோட்டுகளோடு ஒரே பையில் போட்டு, என் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அலமாரியைப் பூட்டவில்லை. உன் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். எடுத்துப் படிக்க எவருக்கும் அனுமதி உண்டு. படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, சட்டம் படித்த என்னிடமே வாதாடி ஜெயித்தவன் நீ.